நிழலை அளந்தால் கணக்கு வரும்: நடுநிலை வகுப்புக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் ஒரு செய்தி தவறாமல் வரும்: சென்னையில் இன்று நண்பகலில் நிழல் மறைந்தது. கூடவே, பள்ளி மைதானத்தில் தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக் குனிந்து நிற்கும் பிள்ளைகளின் படம். அதைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் சரியாக 12 மணிக்கு ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தியவருக்கு ஏமாற்றம்தான். நிழல் மேற்கே இரண்டு விரற்கடைக்கு நீண்டு கிடக்கும். அதே நாளில் மதுரையில் குச்சி நட்டவருக்கோ எந்த நிமிடத்திலும் நிழல் மறையாது. நண்பகலிலும் 5 செ.மீ. அளவுக்குத் தெற்கே விழுந்திருக்கும். செய்தி தப்பா, குச்சி தப்பா என்ற குழப்பம் நியாயமானதே.

இரண்டும் தப்பில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத் தேவையான கணக்கு முழுவதும் 6 முதல் 8-ஆம் வகுப்புக்குள் படிப்பதுதான்: கோணம், விகிதம், முழுக்கள், சராசரி, அளவீட்டுப் பிழை. செலவும் பெரிதில்லை. ஆனாலும் பெரும்பாலான வகுப்புகளில் இது பாட்டிலோடும் படத்தோடும் முடிந்துவிடுகிறது.

## செயல்திட்டம் என்று எதைச் சொல்வது?

தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை 2012-ல் 8-ஆம் வகுப்பு வரை வந்தபோது, பருவத்துக்கு 100 மதிப்பெண்ணில் 20 செயல்பாடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. நோக்கம் நல்லது. நடந்தது என்னவென்றால், பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோலும் ஜிகினாத் தாளும் நன்றாக விற்றன. தெர்மாகோல் எரிமலையில் தப்பு வர வழியே இல்லை; அதனால் அதில் கற்கவும் அதிகம் இல்லை. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களிடம் கருத்தாளர்கள் மூலம் கருவிகளைக் கொண்டுசேர்க்கிறது. கருவி வந்த பிறகும் கேள்வி அதேதான்: மாணவருக்கு முன்கூட்டியே தெரியாத ஓர் எண் கடைசியில் கைக்கு வருகிறதா? வந்த எண் ஏன் புத்தக எண்ணிலிருந்து விலகியது என்று அவரால் சொல்ல முடிகிறதா? இந்த இரண்டுக்கும் இடமிருந்தால்தான் அது செய்முறை. மற்றதைக் கைவினை என்று சொல்லிவிடலாம். கைவினையும் நல்லதுதான், ஆனால் அதற்கு வேறு பாடவேளை உண்டு.

## அடிப்படை: மூன்று சொற்கள்

1. உச்சிக் கோணம். தலைக்கு நேர் மேலே உள்ள புள்ளியிலிருந்து சூரியன் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது. நேர் மேலே இருந்தால் 0°, அடிவானத்தில் இருந்தால் 90°. நிழலின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தக் கோணம் மட்டுமே.

2. உள்ளூர் நண்பகல். அந்த ஊரில் சூரியன் அன்றைக்கு மிக உயரத்தில் நிற்கும் கணம். கடிகாரத்தின் 12 மணிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இந்தியாவின் திட்ட நேரம் கிழக்கு 82.5° தீர்க்கக்கோட்டுக்கு உரியது. அது மிர்சாப்பூர் அருகே செல்கிறது. பூமி 1° சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னை 80.27°-ல் இருப்பதால் அங்கே நண்பகல் சராசரியாக 12.09-க்கு. கோயம்புத்தூர் 76.96°, அங்கே 12.22. இதன் மேல் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சுச் சாய்வாலும் ஆண்டு முழுவதும் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. சென்னையில் பிப்ரவரி இரண்டாம் வாரம் நண்பகல் 12.23 வரை தள்ளிப்போகும். நவம்பர் முதல் வாரம் 11.53-க்கே வந்துவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி 12.07, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி 12.13.

3. சூரியச் சாய்வு. நண்பகலில் சூரியன் எந்த அட்சக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது என்பது. சம பகலிரவு நாளில் 0°. ஜூன் 21-ஐ ஒட்டி வடக்கே 23.4°, அதாவது கடகரேகை. டிசம்பர் 21-ஐ ஒட்டித் தெற்கே 23.4°, அதாவது மகரரேகை.

நண்பகல் உச்சிக் கோணம் = ஊரின் அட்சக்கோடு − சூரியச் சாய்வு. வடக்கு கூட்டல் குறி, தெற்கு கழித்தல் குறி. விடை பூச்சியமானால் நிழல் இல்லை. சென்னை 13.08° வடக்கு. சூரியன் அந்த அட்சக்கோட்டை வடக்கு நோக்கிப் போகையில் ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒருமுறை கடக்கிறது, திரும்புகையில் ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறை. கன்னியாகுமரிக்கு இது ஏப்ரல் 10, 11 மற்றும் செப்டம்பர் 1, 2 வாக்கில். மதுரைக்கு ஏப்ரல் 15, 16 மற்றும் ஆகஸ்ட் 27, 28 வாக்கில். திருச்சிக்கு ஏப்ரல் 18-ம் ஆகஸ்ட் 25-ம் ஒட்டி. தில்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே இந்த நாள் வருவதே இல்லை.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வோ விடுமுறையோ குறுக்கே நிற்கும். பள்ளிக்குத் தோதானது ஆகஸ்ட்தான், மேகம் விட்டுக்கொடுத்தால்.

## குச்சியை விடத் துளை நல்லது

குச்சி நட்டு நிழல் பார்ப்பது பழைய வழி. சங்கப் பாட்டு ஒன்றில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் நண்பகலில் இரு கோல் நட்டு, நிழல் பார்த்து, கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். திசை காண அது போதும். கோணத்தை அளக்க முனைந்தால் குச்சியில் இரண்டு தொல்லை.

முதலாவது, குச்சி சாய்வது. ஒரு மீட்டர் குச்சியின் நுனி 1 செ.மீ. விலகினாலே 0.6° பிழை. இரண்டாவது, நிழலின் நுனி மங்கலாக இருப்பது. சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் சுமார் 9 மி.மீ. தூரத்துக்குக் கருநிழலிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்ல மாறுகிறது. நுனி எங்கே என்று மூன்று மாணவரைக் கேட்டால் மூன்று இடத்தில் பென்சில் வைப்பார்கள், மூவரும் நேர்மையாகத்தான்.

ஊசித்துளைக் காமிராவின் தத்துவத்தைப் பயன்படுத்தினால் இரண்டு தொல்லையும் போகும். நிழலுக்குப் பதில் தரையில் சூரியனின் வட்டப் பிம்பமே விழும். வட்டத்துக்கு நடுப்புள்ளி குறிப்பது எளிது.

வேண்டியவை:

- ஒரு ஸ்டூல், அல்லது பெஞ்சின் மேல் ஸ்டூல். துளை தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருந்தால் கணக்கு சுலபம். 83 செ.மீ.தான் கிடைத்தது என்றாலும் கெட்டுப்போகாது. விகிதப் பாடத்துக்கு அதுதான் இன்னும் நல்லது.
- 20 செ.மீ. சதுரத்தில் பழைய காலண்டர் அட்டை. நடுவில் 2 செ.மீ. சதுர ஜன்னல் வெட்டி, அதன் மேல் பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித் தாளை ஒட்ட வேண்டும். தாளில் 3 மி.மீ. துளை. தடித்த அட்டையிலேயே துளை போட்டால், டிசம்பரில் வெயில் சாய்ந்து வரும்போது துளையின் சுவரே பாதி வெளிச்சத்தை அடைத்துவிடும்.
- நூலும் ஓர் இரும்பு நட்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.
- தரையில் விரிக்க வெள்ளைச் சார்ட், நான்கு மூலைக்கும் கல்.
- ஸ்கேல், பாகைமானி, கிராஃப் தாள், விநாடி காட்டும் கடிகாரம்.

செய்முறை:

1. அட்டையை ஸ்டூலின் வடக்கு ஓரத்தில் வெளியே நீட்டி, கிடைமட்டமாக ஒட்டவும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் ஒளிப்புள்ளி வடக்கே விழும், ஸ்டூல் மறைக்காது. மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே இருக்கும். அப்போது தெற்கு ஓரம்.

2. துளை வழியே நூலை இறக்கி, நட்டு அசைவது நின்றதும் தரையில் அதன் அடியைக் குறிக்கவும். இது அடிப்புள்ளி. இனி ஸ்டூல் சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் செங்குத்துக்கோட்டைத் தருவது நூல், ஸ்டூல் அல்ல. குறித்த பின் நூலை எடுத்துவிட்டுத் துளையின் உயரத்தை அளக்கவும்.

3. கணக்கிட்ட நண்பகலுக்கு 25 நிமிடம் முன்பிருந்து 25 நிமிடம் பின்பு வரை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிவட்டத்தின் நடுவைக் குறிக்கவும். வட்டம் சுமார் 12 மி.மீ. அகலம் இருக்கும்: பிம்பம் 9, துளை 3. அது நிமிடத்துக்கு 4 மி.மீ. நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒருவர் நேரத்தைச் சொல்ல, இன்னொருவர் உடனே புள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் நேரத்தை எழுதாத புள்ளி பயன்படாது.

4. அடிப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து அட்டவணை போடவும். மிகச் சிறிய தூரமே நண்பகல் தூரம்.

5. கிராஃப் தாளில் 4-க்கு 1 என்ற அளவில் வரையவும்: உயரம் 25 செ.மீ., தூரம் அதன் கால் பங்கு. செங்கோண முக்கோணத்தின் மேல் முனையில் பாகைமானியை வைத்தால் உச்சிக் கோணம். முக்கோணவியல் இந்த வகுப்புகளில் இல்லை, தேவையும் இல்லை.

வெயிலில் வெறுங்காலோடு நிற்கவைக்கக் கூடாது. சிமெண்ட் தரை சுடும். துளை வழியாக நிமிர்ந்து சூரியனைப் பார்க்கவே கூடாது, தரையைத்தான் பார்க்க வேண்டும். இதை ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னால் போதாது. இன்னொன்று: பல பள்ளிகளில் சத்துணவு மணி இந்த 50 நிமிடத்துக்குள்தான் அடிக்கும். இரண்டு குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

## எங்கே தப்பும், எவ்வளவு தப்பும்

எல்லாப் பிழையும் சமம் அல்ல. சென்னையில் செப்டம்பர் சம பகலிரவு நாளில், ஒரு மீட்டர் உயரத்துக்கு, நண்பகல் தூரம் 23.2 செ.மீ. வர வேண்டும். அதை வைத்துப் பார்ப்போம்.

நேரம் 5 நிமிடம் பிசகினால் தூரம் ஒரு மில்லிமீட்டர்தான் மாறும். 20 நிமிடம் பிசகினால் 24.9 செ.மீ. ஆகிவிடும், கோணத்தில் கிட்டத்தட்ட 1° பிழை. ஊசல் தன் எல்லைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் மெதுவாவதைப் போல, மிகச் சிறிய தூரத்தை ஒட்டி மாற்றமும் மெதுவாகிறது. ஆகவே அன்றைக்குக் கடிகாரம் இரண்டு நிமிடம் தப்பாக ஓடினாலும் விடை பிழைத்துக்கொள்ளும்.

நிழல் மறையும் நாளில் கதை வேறு. சூரியன் தலைக்கு மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே நேராகக் கடப்பதால், 5 நிமிடத்தில் தூரம் 2.1 செ.மீ. மாறிவிடும். 12 மணிக்குக் குச்சி நட்டவர் ஏமாந்தது இதனால்தான்: ஏழு நிமிடம் முன்பு, 3 செ.மீ. ஆனால் நாள் தப்பினால் பெரிய சேதமில்லை. ஏப்ரல் கடைசியில் சூரியச் சாய்வு நாளுக்கு 0.3° அளவே மாறுகிறது, மீட்டருக்கு 6 மி.மீ.கூட இல்லை. குச்சி நிழலின் 9 மி.மீ. மங்கலுக்குள் அது ஒளிந்துகொள்ளும். ஆகவே வெறும் கண்ணுக்கு இது இரண்டு மூன்று நாள் நீடிக்கும் காட்சி. செய்தித்தாளில் ஒரு தேதியும் வேறோர் இடத்தில் மறுநாள் தேதியும் போட்டிருந்தால் சண்டை போட வேண்டியதில்லை. பாட்டில் இன்னும் சலுகை தரும்: அதன் நிழல் அதன் அகலத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

தரைச் சரிவு அடுத்தது. பள்ளி முற்றத்தில் மழைத்தண்ணீர் ஓட மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுத்துத்தான் பூசியிருப்பார்கள். செப்டம்பரில் இதனால் அரை மில்லிமீட்டர் பிழை, பொருட்படுத்த வேண்டாம். டிசம்பரில் ஒளிப்புள்ளி 74 செ.மீ. தள்ளி விழும்போது அதே சரிவு 5 மி.மீ.க்கு மேல் பிழை தரும். அன்றைக்கு மட்டும் மட்டக்குழாய் வைத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை எளிமையானது: ஸ்கேலின் உடைந்த முனையிலிருந்து அளப்பது. 1 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, கடைசியில் 1-ஐக் கழிக்கச் சொல்லலாம். கழிக்க மறப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய எண் மற்றவர்களை விடச் சரியாக 1 செ.மீ. கூடுதலாக இருப்பதை வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

## ஓராண்டு அளந்தால்: கழித்தல் குறிக்கு ஒரு வேலை

சென்னையில், ஒரு மீட்டர் உயரத்துக்கு, நண்பகல் தூரங்கள் இப்படி வரும்:

- ஜூன் 21 வாக்கில்: 18.3 செ.மீ. தெற்கே, கோணம் −10.4°
- ஆகஸ்ட் 18 வாக்கில்: 0
- செப்டம்பர் 22, 23: 23.2 செ.மீ. வடக்கே, கோணம் 13.1°
- டிசம்பர் 21, 22: 74 செ.மீ. வடக்கே; கோணம் 36.5°

ஜூன் மாதத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது என்பதே பலருக்குப் புதிது. சூரியன் எப்போதும் தெற்கில்தான் சாய்ந்திருக்கும் என்று நினைத்தவர்கள் இங்கே நிற்பார்கள். வடக்கைக் கூட்டல், தெற்கைக் கழித்தல் என்று வைத்துக்கொண்டு இரண்டு கணக்கு போடலாம்.

டிசம்பர் கோணத்தையும் ஜூன் கோணத்தையும் கூட்டிப் பாதியாக்கினால்: 36.5 + (−10.4) = 26.1, பாதி 13.05°. சென்னையின் அட்சக்கோடு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால்: 36.5 − (−10.4) = 46.9, பாதி 23.45°. பூமி அச்சின் சாய்வு.

கழித்தலைக் கழித்தால் கூட்டல் ஆகும் என்ற விதியைக் கடன், வெப்பநிலை, மாடிப்படி என்று உதாரணம் சொல்லி நடத்துவது வழக்கம். இங்கே அந்த விதியைத் தப்பாகப் போட்டால் பூமியே 13° மட்டும் சாய்ந்து நிற்கும்.

ஜூன் 21 அன்று மேகம் மூடினால் பதற வேண்டாம். சூரியன் வடக்கே போய்த் திரும்பும் இந்தத் திருப்ப நாளுக்கு ஐந்து நாள் முன்பின் எடுத்தாலும் சாய்வு 0.1° அளவே மாறும். செப்டம்பரில் அந்தச் சலுகை இல்லை: நாளுக்கு 0.4° ஓடும். காலாண்டுத் தேர்வு நேரம் என்பதால் அந்த ஒரு நண்பகலை மட்டும் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

## இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் பூமியின் சுற்றளவு

பூமியின் சுற்றளவை நிழலால் கணித்த பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் கணக்கு தெரிந்ததே: எகிப்தின் சையீனில் சூரியன் நேர் மேலே, அலெக்சாந்திரியாவில் 7.2° சாய்வு, அது வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு, இரு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (பழைய கிரேக்கத் தூர அளவு), ஆகவே சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா.

தமிழ்நாட்டுக்குள் இதற்கு நல்ல ஜோடி கன்னியாகுமரியும் சென்னையும். 8.08°, 13.08°, வித்தியாசம் சரியாக 5°. 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72. ஊர்களின் வடக்கு–தெற்குத் தூரம் சுமார் 553 கி.மீ. 553 × 72 = 39,816 கி.மீ. உண்மையான சுற்றளவு ஏறத்தாழ 40,000.

இப்போது வழக்கமான சறுக்கல்கள்:

1. பேருந்துத் தூரத்தைப் போடுவது. சாலை வழியே 700 கி.மீ.யை ஒட்டி வரும். 700 × 72 = 50,400. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 627 கி.மீ. வாக்கில், அதுவும் சரியில்லை, ஏனென்றால் சென்னை வடக்கே மட்டுமல்ல, கிழக்கேயும் தள்ளியிருக்கிறது. அட்சக்கோடுகளுக்கு இடையிலான செங்குத்துத் தூரம்தான் வேண்டும். வரைபடத்தில் இரண்டு கிடைக்கோடு வரைந்து நடுவில் அளப்பது 7-ஆம் வகுப்புக்கு ஏற்ற வேலை.

2. இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் அளப்பது. போனில் பேசி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே கணத்தில் குறிக்கத் தோன்றும். அது தப்பு. கன்னியாகுமரியின் நண்பகல் சென்னையை விட 11 நிமிடம் பிந்தியது. அவரவர் ஊரின் மிகச் சிறிய தூரத்தையே எடுக்க வேண்டும்.

3. வேறு வேறு நாளில் அளப்பது. செப்டம்பரில் ஒரு நாள் தள்ளிப்போனால் 0.4°, 5°-ல் அது 8 சதவீதம்.

4. கோணப் பிழை பெருகுவது. இதைத்தான் வகுப்பில் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் அரைப் பாகை மட்டும் தப்பினாலும், இரண்டு பிழையும் எதிரெதிராகச் சேர்ந்தால் வித்தியாசம் 4° அல்லது 6° ஆகலாம். 4° என்றால் சுற்றளவு 49,770 கி.மீ., 6° என்றால் 33,180. அளவீடு ஓரளவு நன்றாகவே இருந்தும் விடை இப்படிக் குதிக்கிறது, ஏனென்றால் பெரிய இரண்டு எண்களைக் கழித்துக் கிடைத்த சிறிய எண்ணால் வகுக்கிறோம். சென்னைப் பள்ளிக்குப் பதில் தில்லிப் பள்ளி கிடைத்தால் வித்தியாசம் 20.5°, அதே ஒரு பாகைப் பிழை அங்கே 5 சதவீதம்தான்.

## ஊசல்: நேரத்தை அளக்கும் முறை

மழைக்கால மாதங்களில் நிழலை நம்ப முடியாது. வகுப்பறைக்குள் செய்ய ஊசல் இருக்கிறது. நூல், நட்டு, மேசை விளிம்பில் ஒரு ஆணி. 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு முழு அலைவு 1 விநாடி, 50-க்கு 1.42, 100-க்கு 2. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு. 8-ஆம் வகுப்பில் வர்க்க எண்கள் நடத்தும்போது பொருந்தும்.

கடிகாரத்தை அமுக்கும் விரல் சுமார் 0.2 விநாடி தடுமாறும். ஒரே அலைவை அளந்தால் அது 20 சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்து 20-ஆல் வகுத்தால் 1 சதவீதம். பல அலைவுகளை எண்ணச் சொல்வது இதற்காகவே. ஆனால் விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால் 19 அலைவைத்தான் அளந்திருப்பார்கள், 5 சதவீதம் போச்சு. 'பூச்சியம்' என்று சொல்லி விட வேண்டும்.

நீளம் முடிச்சு வரை அல்ல, நட்டின் நடு வரை. வீச்சு 30° இருந்தால் நேரம் 1.7 சதவீதம் கூடும். 10°-க்குள் இருந்தால் 0.2 சதவீதம்தான். நைலான் நூல் இழுபடும், பருத்தி நூலே மேல்.

## பை: பிழை ஒரே பக்கம் சாயும்போது

வட்ட மூடிகளைச் சுற்றி நூல் கட்டி, நீளத்தை விட்டத்தால் வகுத்துப் பை கண்டுபிடிப்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். நாற்பது பேர் அளந்தால் சராசரி 3.14-க்கு நெருங்கி வரும் என்று எதிர்பார்ப்போம். சராசரி 3.2-ஐத் தாண்டினால் கணக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

5 செ.மீ. மூடியை எடுத்துக்கொள்வோம். நூல் 1 மி.மீ. தடிமன் என்றால், நூலின் நடு சுற்றிவரும் வட்டத்தின் விட்டம் 5.1 செ.மீ. சுற்றளவு 15.7-க்குப் பதில் 16.0 வரும். அடுத்து விட்டம். ஸ்கேலை மூடியின் குறுக்கே வைக்கும்போது மையத்தைக் கொஞ்சம் தவறவிட்டால் அளப்பது விட்டம் அல்ல, நாண். நாண் எப்போதும் விட்டத்தை விடச் சிறியது. 5 மி.மீ. தவறினால் 5 செ.மீ.க்குப் பதில் 4.9. இரண்டும் சேர்ந்தால் 16.0 ÷ 4.9, அதாவது 3.27.

மேலே உள்ள எண் பெரிதாகிறது, கீழே உள்ள எண் சிறிதாகிறது. இரண்டும் விடையை ஒரே பக்கம் தள்ளுகின்றன. நாற்பது பேரல்ல, நானூறு பேர் அளந்தாலும் சராசரி இதைச் சரிசெய்யாது. கைநடுக்கம் போன்ற பிழை இருபக்கமும் சிதறும், சராசரி அதைக் குறைக்கும். முறையிலேயே உள்ள பிழையை முறையை மாற்றித்தான் நீக்க முடியும்.

நூலுக்குப் பதில் மெல்லிய தாள் பட்டையைச் சுற்றி, மேற்படியும் இடத்தில் குண்டூசியால் குத்தி, பிரித்து இரண்டு துளைக்கும் நடுவே அளக்கவும். விட்டத்துக்கு மூடியை இரண்டு மூலைமட்டங்களுக்கு நடுவே பிடித்து, இடைவெளியை அளக்கவும். அங்கே மையத்தைத் தேடும் வேலையே இல்லை. அல்லது சைக்கிள் சக்கரத்தில் சாக்பீஸால் குறியிட்டு, ஐந்து சுற்று உருட்டி, ஐந்தால் வகுக்கலாம். ஆள் ஏறாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும்; ஏறினால் டயர் அமுங்கி, சுற்றுக்குப் போகும் தூரம் குறையும்.

## மதிப்பெண் எதற்கு?

விடைக்கு மதிப்பெண் போட்டால் மறுமுறை எல்லார் நோட்டிலும் 3.14 இருக்கும். நோட்டில் ஐந்து பத்தி போதும்: அளந்த எண்கள், கணக்கிட்ட விடை, எதிர்பார்த்த விடையிலிருந்து விலகல், காரணம் என்று நினைப்பது, அந்தக் காரணத்தைச் சோதித்த விதம். 20-ல் பாதியைக் கடைசி இரண்டு பத்திகளுக்கு வைக்கலாம். 'கைப்பிழை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் மதிப்பெண் இல்லை. 'மையத்தைத் தவறவிட்டேன், மூலைமட்டம் வைத்து மறுபடி அளந்தேன், 3.27 இருந்தது 3.18 ஆனது' என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண்.

3.14 என்று பிசகில்லாமல் வந்த நோட்டில் முதல் பத்தியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்கேலால் 5 செ.மீ. மூடியை அளக்கும்போது விட்டத்தில் அரை மில்லிமீட்டர் தயக்கம் இருந்தாலே விடை 3.11-க்கும் 3.17-க்கும் இடையே எங்கேயும் விழலாம். அளந்த எண்கள் எழுதப்படாமல் விடை மட்டும் இருந்தால், மூடியையும் தாள் பட்டையையும் கையில் கொடுத்து அங்கேயே மறுபடி அளக்கச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை.